நாற்பது சால்வைகள்

வெளியே பனி. வீட்டுக்குள்ளே கணப்பு. லேசா உடம்பு சரியில்லை, ஆனா படுத்தே கிடக்கிற அளவுக்கு மோசமும் இல்லை. மடியில ஒரு கம்பளி நூல் உருண்டை, கையில ரெண்டு ஊசி. பக்கத்துல ஆவி பறக்கிற டீ. இங்கிலீஷ் நாவல், படம் எதுலயாவது இந்தக் காட்சியைப் பாத்திருப்பீங்க. குளிர்காலம்னாலே நிட்டிங், நிட்டிங்னாலே ஓய்வு. பாட்டிமாருக்குப் பொழுது போகணுமே, அதுக்கு ஒரு வேலை.

இந்தக் காட்சிக்குப் பின்னாடி ஒரு கணக்கு நோட்டு இருக்கு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. (டீயும் பின்னாடி கதையில வரும்.)

பெட்டி மோவட்டின் எட்டு நாள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, அட்லாண்டிக்கும் வடகடலும் சேர்ற இடத்துல ஷெட்லாண்ட் தீவுகள் இருக்கு. சின்னதும் பெரிசுமா நூறு தீவு. பதினாறுலதான் மனுஷங்க வாழறாங்க. வடக்கே ஏறக்குறைய 60 டிகிரி. டிசம்பர் கடைசியில பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. மரம் அபூர்வம், காத்து மட்டும் தாராளம்.

இங்கே பெரிய தீவோட தென்கோடியில ஸ்காட்னெஸ்னு ஒரு ஊர். அங்கே எலிசபெத் மோவட்னு ஒரு அம்மா இருந்தார். எல்லாரும் கூப்பிடறது பெட்டி. (நம்ம ஊர்ப் பெட்டி இல்லீங்க!) கல்யாணம் ஆகாதவர். சகோதரரின் குடும்பத்தோட இருந்தார். வயசு அறுபது. கால் சரியா வராது, அதுக்கு மேல பக்கவாதம் வேற வந்து போயிருந்தது.

1886 ஜனவரி 30. லெர்விக் நகரத்துக்குப் போறதுக்காக, கிரட்னெஸ் என்கிற துறையில் 'கொலம்பைன்' என்ற பாய்மரப் படகில் ஏறினார். லெர்விக்தான் ஷெட்லாண்டோட தலைநகர். 40 கிலோமீட்டர்கூட இல்லாத தூரம், காத்து ஒத்துழைச்சா சில மணி நேரம். படகில் மொத்தம் நாலே பேர். கேப்டன், ரெண்டு மாலுமிகள், பயணின்னு சொல்ல இந்தம்மா மட்டும். சாப்பாட்டுக்கு ஒரு பாட்டில் பாலும் ரெண்டு பிஸ்கட்டும்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்துலயே கடல் கொந்தளிச்சுது. பாயைக் கட்டுற கயிறு அறுந்து, கேப்டன் ஜேம்ஸ் ஜேமிசன் கடலில் விழுந்தார். மாலுமிகள் ரெண்டு பேரும் சின்னத் தோணியை இறக்கி அவரைத் தேடிப் போனாங்க. கேப்டனைக் காப்பாத்த முடியலை. திரும்பிப் பார்த்தா, பெரிய படகு காத்துல தூரமாப் போயிட்டு இருக்கு. எவ்வளவு துடுப்பு போட்டும் அதைப் பிடிக்க முடியலை. கடைசியில கரைக்குத் திரும்பிட்டாங்க.

படகின் கீழறையில் பெட்டி மோவட் தன்னந்தனியா. மேல்தளத்துக்கு ஏறுற ஏணி கழண்டு விழுந்துடுச்சு. வெளியே என்ன நடக்குதுன்னு பார்க்கக்கூட வழியில்லை. எட்டு நாள். வடகடலில், குளிர்காலப் புயலில், அந்தப் பாலையும் பிஸ்கட்டையும் வச்சுக்கிட்டு எட்டு நாள். பிப்ரவரி 7 அன்னிக்குப் படகு பாறைகளுக்கு நடுவே புகுந்து ஒரு தீவில் ஒதுங்கியது. நார்வேயில், ஓலெசுன் நகரத்துக்கு வடக்கே இருக்கிற லெப்ஸோயா தீவு. புறப்பட்ட இடத்துல இருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே சுமார் 500 கிலோமீட்டர். கரையில இருந்தவங்க கயிறு போட்டு இழுத்துக் காப்பாத்தினாங்க.

அந்தம்மா உயிரோட இருந்தார்! பத்திரிகைகள் விடுமா? பிரிட்டன் முழுக்க இதே பேச்சு. விக்டோரியா ராணி 20 பவுண்டு அனுப்பி வைத்தார். பெட்டி மோவட் ஊர் திரும்பி, அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கும் மேல வாழ்ந்து, 1918இல் 93 வயசில் காலமானார்.

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் இங்கேயே நிறுத்திடுவாங்க. அதிசயம், மன உறுதி, கடவுள் கருணை, சுபம். எனக்கு வேற ஒரு கேள்வி. பக்கவாதம் வந்த அறுபது வயசு அம்மா, ஜனவரி மாசக் கடல்ல எதுக்கு ஏறினார்?

ரெண்டு காரணம் பதிவாகியிருக்கு. ஒண்ணு, லெர்விக்கில் டாக்டரைப் பார்க்கணும். இன்னொண்ணு, அவர்கிட்ட இருந்த மூட்டை. அதில் சுமார் நாற்பது சால்வைகள் இருந்தன. அவரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் குளிர்காலத்தில் பின்னினவை. விற்கக் கொண்டுபோனார்.

இனி நம்ம கதை அந்த மூட்டையைப் பத்தி.

காலுறையில் தொடங்கிய வியாபாரம்

ஷெட்லாண்ட் ஆடு உருவத்துல சின்னது. ஆனா அதோட கம்பளி, குறிப்பா கழுத்துப் பக்கத்து மயிர், ரொம்ப மெல்லிசு. கத்தரியால வெட்ட மாட்டாங்க. கோடையில் தானா உதிர்ற பருவம் பார்த்துக் கையாலேயே மெதுவா உருவி எடுப்பாங்க. வெட்டுப்பட்ட முனை இல்லாததால நூல் இன்னும் மிருதுவா வரும்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துலயே இங்கே வியாபாரம் சூடு பிடிச்சாச்சு. ஒவ்வொரு கோடையிலும் ஹெர்ரிங் மீன் பிடிக்க டச்சுக்காரங்க கப்பல் கப்பலா வந்து, லெர்விக்குக்கு எதிர்ல இருக்கிற பிரெஸ்ஸே நீரிணையில் நங்கூரம் போடுவாங்க. நடுக்கடல்ல நிக்கிறவனுக்குக் கம்பளிக் காலுறை எவ்வளவு முக்கியம்! தீவுப் பெண்கள் குளிர்காலம் முழுக்கப் பின்னி வச்சதைக் கோடையில் அவங்ககிட்ட விப்பாங்க. லெர்விக் நகரமே இந்தச் சந்தையைச் சுத்தி வளர்ந்ததுதான்.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. 1589இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடிச்சார். கையால ஒரு நேரத்துல ஒரு கண்ணி போடறோம்னா, இந்த மெஷின் ஒரு வரிசைக் கண்ணிகளையும் சேர்த்துப் போடும். நம்ம பாஷையில சொன்னா லூப்பை எடுத்துட்டுப் பேரலல் பிராசஸிங் பண்ணிட்டார் மனுஷன். :-) லீக்கு அதனால பெரிய லாபம் இல்லை. ஆதரவு தேடி பிரான்ஸ் போய், அங்கேயே காலமானார். ஆனா மெஷின் பரவிடுச்சு. அடுத்த ரெண்டு நூற்றாண்டுகளில் சாதாரணக் காலுறைக்குக் கைப்பின்னல் போட்டி போட முடியாத நிலை.

ஷெட்லாண்ட் பெண்கள் என்ன செஞ்சாங்க? மெஷினால முடியாததைப் பிடிச்சுக்கிட்டாங்க. 1830, 40களில் மெல்லிய லேஸ் சால்வைகள் அங்கே பெரிய அளவுல வளர ஆரம்பிச்சுது. 1837இல் ஆர்தர் ஆண்டர்சன் விக்டோரியா ராணிக்கு ஷெட்லாண்ட் காலுறைகளைப் பரிசளித்து விளம்பரம் தேடித் தந்தார். இவர் லெர்விக்கில் பிறந்தவர், நம்ம பக்கத்துத் துறைமுகங்களுக்கெல்லாம் கப்பல் விட்ட பி அண்ட் ஓ கம்பெனியை நிறுவினவர்களில் ஒருத்தர். லண்டன் சீமாட்டிகள் தோளில் ஷெட்லாண்ட் சால்வை ஏறிடுச்சு. வடகோடித் தீவான அன்ஸ்ட்டில் நூற்ற நூல் அவ்வளவு மெல்லிசு. ஆறடிக்கு ஆறடி சால்வையை ஒரு கல்யாண மோதிரத்துக்குள்ள விட்டு அந்தப் பக்கம் இழுத்துடலாம். அதனால அதுக்கு 'மோதிரச் சால்வை'ன்னே பேரு.

நடந்துகொண்டே பின்னுவது

ஷெட்லாண்டோட பழைய போட்டோக்கள், போஸ்ட்கார்டுகள் நிறைய கிடைக்கும். அதுல திரும்பத் திரும்ப வர்ற படம் ஒண்ணு. முதுகில் பெரிய வைக்கோல் கூடை. அது நிறைய அடுப்பெரிக்கிற கரிமண் கட்டி. (மரம் இல்லாத ஊர்ல விறகுக்குப் பதில் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவச்ச மண்கட்டிதான் எரிபொருள்.) அந்தக் கனத்தோட குனிஞ்சு மேட்டுல நடந்து வர்றாங்க பெண்கள். ரெண்டு கையிலும் ஊசி. நடந்துக்கிட்டே பின்னறாங்க.

இதுக்குன்னே ஒரு தோல் பெல்ட் உண்டு. இடுப்புல கட்டிக்கிற பட்டையில, குதிரை மயிர் அடைச்ச ஒரு சின்னத் திண்டு. அதுல நிறைய ஓட்டை. ஊசியோட ஒரு முனையை அந்த ஓட்டையில செருகிட்டா, ஊசியைத் தாங்கிப் பிடிக்கிற வேலை கைக்கு இல்லை. வேகமும் கூடும், நடக்கும்போது நழுவவும் நழுவாது. அந்த ஊர் பேச்சுல பின்னலுக்கு 'மக்கின்'னு பேரு. சும்மா 'செய்யறது'ன்னு அர்த்தம். ஒரு வேலையைத் தனிப்பேர் இல்லாம 'செய்யறது'ன்னே கூப்பிடறாங்கன்னா, அது எவ்வளவு நேரம் கையில இருந்திருக்கணும்னு யோசிங்க.

வெளியூர்க்காரன் கண்ணுக்கு இந்தப் படம் அழகு. 'பாருங்க, எவ்வளவு சுறுசுறுப்பு'ன்னு போஸ்ட்கார்டு வாங்கி அனுப்பினான். ஆனா ஒரு மனுஷி பாரம் சுமக்கும்போதுகூடக் கையைச் சும்மா வச்சுக்க முடியாத நிலைமையை அது காட்டுது.

நான் கொஞ்ச நாள் ஆன்சைட்ல எடின்பரோவில் இருந்தேன். ஒரு டிசம்பர்ல நல்ல ஃப்ளூ காய்ச்சல், அஞ்சு நாள் லீவு. பக்கத்து ஃபிளாட் பாட்டிம்மா சூப் கொண்டுவந்து கொடுத்துட்டு, நான் படுக்கையிலயும் லேப்டாப்பும் கையுமா இருக்கிறதைப் பார்த்து ஒரு முறை முறைச்சாங்க. மறுநாள் ரெண்டு ஊசியும் சாம்பல் நிற நூல் உருண்டையும் கொண்டுவந்து, கண்ணி போடச் சொல்லிக் கொடுத்தாங்க. அடிப்படையில ரெண்டே ரெண்டு கண்ணி. ஒண்ணு நேர், ஒண்ணு மறி. பூஜ்யமும் ஒண்ணும் மாதிரி. மத்த எல்லா டிசைனும் இதிலிருந்துதான் விரியுது. எனக்கு உடனே பிடிச்சுப் போச்சு.

முப்பது கண்ணி அகலம், நாற்பது வரிசை. மொத்தம் 1200 கண்ணி. அதுக்கு எனக்கு ரெண்டு முழு சாயங்காலம் ஆச்சு. கிடைச்சது என்னன்னா, காபி டம்ளர் வைக்கிற அளவுக்கு ஒரு துண்டு. :-) அந்தப் பாட்டிம்மா அதைவிடப் பெரிசா அரை மணியில முடிப்பாங்கங்கிறது வேற விஷயம். ஆனா அந்தத் துண்டைக் கையில வச்சுப் பார்த்தப்புறம்தான் ஆறடிச் சால்வைன்னா என்னன்னு உறைச்சுது. முடியைவிடக் கொஞ்சம் தடிமனான நூல், புகை படிஞ்ச அறை, மீன் எண்ணெய் விளக்கு, எழுதி வச்ச பேட்டர்ன் எதுவும் இல்லை. எல்லாம் மனப்பாடம். டாக்குமென்டேஷனே இல்லாத சிஸ்டம், ஆனா தலைமுறை தலைமுறையா ஓடுது.

காசு இல்லை, டீ இருக்கு

இவ்வளவு உழைப்புக்கு என்ன கூலி? இங்கேதான் அந்தக் கணக்கு நோட்டு வருது.

1872இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஷெட்லாண்டுக்கு ஒரு விசாரணைக் கமிஷனை அனுப்பியது. வில்லியம் கத்ரி என்பவர் கமிஷனர். கூலியைக் காசாக் கொடுக்காம பொருளாக் கொடுக்கிற வழக்கத்தைப் பத்தி விசாரணை. மீனவர், வியாபாரி, பாதிரியார், கூடவே பின்னல் வேலை செய்யும் பெண்களும் நேரில் வந்து சாட்சி சொன்னாங்க. கேள்வி பதில் எல்லாத்துக்கும் வரிசை எண் போட்டு அச்சடிச்சிருக்காங்க, அந்த எண் பத்தாயிரத்தைத் தாண்டுது. அந்தக் காலத்துல ஏழைப் பெண்கள் சொன்னதை வார்த்தை வார்த்தையா எழுதி வச்ச ஆவணம் அபூர்வம். இது அப்படி ஒண்ணு.

அதிலிருந்து தெரியவர்ற நடைமுறை இது. ஒரு பெண் சால்வையை முடிச்சு லெர்விக் கடைக்குக் கொண்டு போவாள். கடைக்காரர் ஒரு விலை சொல்வார். அந்த விலைக்குக் காசு வராது. கடையில இருக்கிற சாமானை எடுத்துக்கணும். அதுவும் எல்லாச் சாமானும் இல்லை. துணி உண்டு, டீ உண்டு. மாவு கேட்டா இழுத்தடிப்பு. வாடகைக்குப் பணம் கேட்டா முகத்தைத் திருப்பிக்கிறது.

உடனே எடுக்கச் சாமான் வேண்டாம்னா, ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். 'இவருக்கு இவ்வளவு பாக்கி'ன்னு. அந்தச் சீட்டு அந்தக் கடையில மட்டும்தான் செல்லும்.

இப்ப அந்தப் பெண்ணோட நிலைமையைப் பாருங்க. வீட்டுல மாவு இல்லை. கையில கால் பவுண்டு டீ. பக்கத்து வீட்டுக்கோ, ஊருக்குள்ள எவருக்கோ அந்த டீயைக் குறைஞ்ச விலைக்குத் தள்ளிவிட்டு, அந்தக் காசில் மாவு வாங்கணும். பின்னினதுக்கு ஒரு தடவை விலை குறைஞ்சுது, டீயை வித்ததுல ரெண்டாவது தடவை.

இதைவிடக் கொடுமை ஒண்ணு. அடுத்த சால்வைக்கு நூல் வேணுமே? சொந்தமா ஆடு வச்சிருந்தா பிரச்சினை இல்லை. நகரத்துல இருக்கிற ஏழைப் பெண்ணுக்கு ஏது ஆடு? நூலைக் கடையில்தான் வாங்கணும். ஆனா நூல் 'காசுச் சரக்கு'. சால்வைக்கு மாத்தாக் கொடுக்க மாட்டாங்க, ரொக்கம்தான். தான் பின்னினதுக்குக் காசு கிடையாது, பின்னறதுக்கு மட்டும் காசு வேணும். இப்படி ஒரு இன்ஃபினிட் லூப்பை எந்த புரோகிராமராலயும் எழுத முடியாது.

வியாபாரிகள் பக்கமும் கேட்கணும், அதுதான் நியாயம். லண்டன்ல ஃபேஷன் மாறினா சால்வை தேங்கிப் போகும், அந்த நஷ்டம் எங்க தலையிலன்னு அவங்க சொன்னாங்க. சாமானா எடுத்துக்கிறதாலதான் இந்த விலை, ரொக்கம்னா குறைச்சுத்தான் தருவோம்னும் ஒளிக்காமச் சொன்னாங்க. யோசிச்சுப் பார்த்தா அந்தப் பதிலே குட்டு உடைக்குது. அதாவது சீட்டில் எழுதின விலை நிஜ விலை இல்லை, டீ வித்த லாபமும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. பொருளாக் கூலி கொடுக்கக் கூடாதுன்னு 1831லயே சட்டம் வந்தாச்சு. ஆனா வீட்டுல உட்கார்ந்து சொந்த நூல்ல பின்னறவளை எந்தக் கணக்குல சேர்க்கிறது? அவ கூலியாள் இல்லையே, சரக்கு விக்கிறவ ஆச்சே! ரெண்டு பேரும் பண்டமாற்று பண்ணிக்கிறாங்க, அவ்வளவுதான். 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள்ள அவளைக் கொண்டுவராம இருந்ததுதான் மொத்த சூட்சுமமும். 1887இல் வந்த திருத்தச் சட்டம்தான் வீட்டில் பின்னி விற்கிற பொருளுக்கும் காசுதான் தரணும்னு சொல்லிச்சு. பெட்டி மோவட் படகேறினதுக்கு அடுத்த வருஷம். சட்டம் வந்தும் வழக்கம் லேசில் போகலை. அடுத்த நூற்றாண்டு பிறந்த பிறகும் பல கடைகளில் பழைய பாணியே நடந்துது.

அந்த டீ எங்கிருந்து வந்தது?

எனக்கு டீன்னு படிச்சதும் மனசு வேற இடத்துக்குப் போச்சு. 1872இல் பிரிட்டனில் குடிச்சது பெரும்பாலும் சீன டீ. 1880களின் கடைசியில் இந்திய டீயும் இலங்கை டீயும் சேர்ந்து சீன டீயை முந்திடுச்சு. இலங்கை மலையில் அந்தக் கொழுந்தைப் பறிச்சது யாருன்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம்ம ஊர்ப்பக்கங்களிலிருந்து போன சனம்.

அவங்க கதையிலயும் ஒரு சீட்டு உண்டு. பேரே 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறணும்னா, 'இவங்க பட்ட கடன் இவ்வளவு, அதை அடைச்சா விட்டுடறோம்'னு துரை எழுதிக் கொடுக்கிற துண்டு. அந்தக் கடனைப் புதுத் தோட்டம் அடைக்கும், கடன் மட்டும் கூடவே வரும். இந்த முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிஞ்சுது. அரிசியும் தோட்டமே கொடுக்கும், சம்பளத்தில் பிடிச்சுக்கும்.

ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. கங்காணிக்குக் கீழே லயத்துல அடைஞ்சு கிடந்த வாழ்க்கை வேற, சொந்தக் குடிசையில சால்வை பின்னின வாழ்க்கை வேற. ஆனா உலகத்தோட ஒரு மூலையில சீட்டுக்குக் கட்டுப்பட்டவங்க பறிச்ச இலை, இன்னொரு மூலையில காசுக்குப் பதிலா இன்னொரு சீட்டுக்காரியின் கையில திணிக்கப்பட்டிருக்கு. நடுவுல எல்லாக் கணக்கும் சரியா எழுதப்பட்டிருக்கு. யோசிச்சா கொஞ்சம் நெஞ்சை அடைக்குது.

ஆம்பிளைங்க எங்கே?

கடல்ல. கிரீன்லாந்துப் பக்கம் திமிங்கில வேட்டை, சரக்குக் கப்பல் வேலை, இல்லைன்னா சின்னச் சின்னத் திறந்த படகில் ஆழ்கடல் மீன்பிடி. திரும்பி வராதவங்க நிறைய. 1881 ஜூலை 20 இரவு ஒரே புயலில் பத்துப் படகுகள் மூழ்கி 58 மீனவர்கள் இறந்துபோனாங்க. குளூப் விபத்துன்னு இன்னிக்கும் அங்கே நினைவுகூர்றாங்க. 19ஆம் நூற்றாண்டு ஷெட்லாண்டில் ஆண்களைவிடப் பெண்களின் எண்ணிக்கை வெகு அதிகம். நிலத்தைக் கொத்தினது, கரிமண் சுமந்தது, மாடு ஆடு பார்த்தது, கடைக்கு நடந்தது, எல்லாம் பெண்கள். கூடவே பின்னல். விதவைகளுக்கும், பெட்டி மோவட் மாதிரி தனியா நின்னவங்களுக்கும், உடம்புக்கு முடியாதவங்களுக்கும் வருமானம்னு சொல்ல அது ஒண்ணுதான். வயலுக்குப் போக முடியாத அன்னிக்கும் ஊசி பிடிக்கலாமே.

உடம்பு சரியில்லாத குளிர்கால நாளுக்கும் பின்னலுக்கும் இருக்கிற பழைய சம்பந்தம் இதுதான். ஓய்வெடுக்கிற நாள்ல அவங்க பின்னலை. ஓய்வெடுக்க வழியில்லாததாலதான் பின்னினாங்க.

ராஜகுமாரனும் ஸ்பானியக் கப்பலும்

ஷெட்லாண்டுக்குத் தெற்கே ஃபேர் ஐல்னு தனியா ஒரு குட்டித் தீவு. கலர் கலரா வரிசை வரிசையா டிசைன் போட்ட ஸ்வெட்டருக்கு உலகப் பேர் வாங்கின இடம். ஒரு வரிசையில ரெண்டே நிறம். பயன்படாத நிறம் பின்பக்கமா ஓடும், அதனால துணி ரெட்டைத் தடிமன், கதகதப்பும் அதிகம். 1922இல் வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் எட்டாம் எட்வர்ட் மன்னர்) செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்துக்கு இதைப் போட்டுட்டு வந்தார். அவ்வளவுதான், ஃபேஷன் பத்திக்கிச்சு.

இந்த டிசைன் எங்கிருந்து வந்துதுன்னு கேட்டா ஒரு கதை சொல்வாங்க. 1588இல் ஸ்பானிய ஆர்மடாவைச் சேர்ந்த 'எல் கிரான் கிரிஃபோன்' கப்பல் ஃபேர் ஐலில் உடைஞ்சுது. இது நிஜம். அந்த மாலுமிகள்தான் தீவுக்காரங்களுக்கு டிசைன் சொல்லிக் கொடுத்தாங்கன்னு சேர்த்துக்கிட்டது கற்பனை, ஆதாரம் கிடையாது. இதே மாதிரி டிசைன்கள் நார்வேயிலும் பால்டிக் பக்கமும் உண்டு, அந்தக் கடல் வழியில போக்குவரத்தும் எப்பவும் இருந்துது.

எனக்கு வியப்பு என்னன்னா, நூத்துக்கணக்கான வருஷமா ஊசி பிடிச்ச பெண்களுக்கு ஒரு டிசைனை யோசிக்கத் தெரியாது, கரை ஒதுங்கின சிப்பாய்தான் சொல்லித் தரணும்னு ஒரு கதை இவ்வளவு சுலபமா நிக்குதே! நம்ம ஊர்ல கோலத்துக்கு யாரும் இப்படிக் கதை கட்டலைன்னு நினைக்கிறேன். கட்டாம இருக்கணும்.

காசு வந்த கதை

பின்னலுக்கு ரொக்கம் பரவலா வந்தது இரண்டாம் உலகப்போரில்தான். ஷெட்லாண்டில் ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள் வந்து இறங்கினாங்க. குளிரோ குளிர். கையில சம்பளக் காசு. நேரா வீட்டுக் கதவைத் தட்டி ஸ்வெட்டர், கையுறை வாங்கினாங்க. கடைக்காரர் நடுவுல இல்லை. 1943இல் பின்னல் பெண்களே சேர்ந்து ஒரு சங்கமும் அமைச்சாங்க. 1872 கமிஷனும் 1887 சட்டமும் முழுசா முடிக்காத வேலையை, கதவைத் தட்டின சிப்பாயின் சில்லறை முடிச்சுது.

1970களில் வடகடல் எண்ணெய் வந்தது. சல்லம் வோ என்ற இடத்தில் பெரிய எண்ணெய் முனையம். சமையல், ஆபீஸ், சுத்தம் செய்யறதுன்னு பெண்களுக்கும் மாசச் சம்பள வேலை கிடைச்சுது. பலர் ஊசியைக் கீழே வச்சாங்க. 'பாரம்பரியம் அழியுதே'ன்னு வெளியே இருந்து புலம்பறது சுலபம். மணிக்கணக்கு போட்டுப் பார்த்தா அவங்க செஞ்சது சரியான கணக்கு. 2010இல் ஆரம்பப் பள்ளிகளில் சம்பளத்துக்கு ஆள் வச்சுப் பின்னல் கத்துக்கொடுக்கிறதையும் உள்ளாட்சி நிறுத்திடுச்சு. அதே 2010லதான் ஷெட்லாண்ட் கம்பளி வாரம் தொடங்கி, உலகம் முழுக்க இருந்து பின்னல் பிரியர்கள் அங்கே போக ஆரம்பிச்சாங்க. இப்ப அங்கே ஊசி பிடிக்கிறவங்க பலர் பிடிச்சுத்தான் பிடிக்கிறாங்க. நல்ல விஷயம்தான். வேணும்னா செய்யலாம், வேண்டாம்னா வைக்கலாம்னு ஒரு வேலை மாறறதுக்கு முன்னூறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு.

பெட்டி மோவட் வாழ்ந்த வீடு இன்னும் ஸ்காட்னெஸில் இருக்கு. பயணிகள் தங்கற எளிய விடுதியா மாத்தியிருக்காங்க. அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க. அங்கே போறவங்களுக்கு எட்டு நாள் கதையைச் சொல்வாங்க, பாலும் பிஸ்கட்டும் நிச்சயம் வரும்.

நான் போனா அந்த மூட்டையைப் பத்தித்தான் கேட்பேன். நாற்பது சால்வைன்னா ஒரு ஆளோட வேலை இல்லை, ஒரு ஊரோட குளிர்காலம். படகு காணாமப் போச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கு ஸ்காட்னெஸில் பல வீடுகளில் ரெண்டு துக்கம் இருந்திருக்கும். ஒண்ணு பெட்டிக்காக. இன்னொண்ணை வெளியில சொல்லிக்கக்கூட முடியாது, சொன்னா அசிங்கம். அடுத்த மாசத்து மாவும் டீயும் அந்தப் படகோடதான் போச்சு.

உங்க வீட்டிலயும் இப்படி 'சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல' அம்மாவோ ஆச்சியோ செஞ்ச வேலை ஏதாவது இருக்கும். அதுக்கு யார் எவ்வளவு கொடுத்தாங்க, காசாவா பொருளாவான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கேட்டதை எழுதியும் வைங்க. எல்லா ஊருக்கும் கமிஷன் வராது.